சுவருக்குள்ளே என்ன? மாயா, ஆஸ்டெக், இன்கா கட்டடங்களின் வெட்டுமுகம் வரைவது பற்றி

வரைபலகை:

வணக்கம். மாயா, ஆஸ்டெக், இன்கா கட்டடங்களுக்கு 1:20 அளவில் வெட்டுமுகப் படங்கள், அதாவது கட்டடத்தை அறுத்தது போல உள்ளே காட்டும் படங்கள், வரைய வேண்டும். முகப்புக்குப் புகைப்படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் தடுமாற்றம். இப்போதைக்கு மூன்றுக்கும் ஒரே மாதிரி "சதுரக் கல், நடுவில் காரை, மறுபடி கல்" என்று போட்டு வைத்திருக்கிறேன். அது தவறு என்று புரிகிறது. எது எங்கே மாறும் என்று சொல்லுங்கள்.

இன்கா சுவரில் கல்லும் கல்லும் ஒட்டிக்கொண்டிருப்பது முழுக் கனத்துக்குமா, முகப்பில் மட்டுமா? ஏதோ தாவரச் சாறு ஊற்றிக் கல்லை இளக்கினார்கள் என்று படித்தேனே, அதில் உண்மை உண்டா? மாயா அறைகள் ஏன் அவ்வளவு ஒடுக்கம், மேலே கூரை எப்படி நிற்கிறது? ஆஸ்டெக் தலைநகரம் ஏரிக்குள் இருந்ததால் அங்கே அடித்தளத்தை எப்படிக் காட்டுவது? கடைசியாக, எல்லாவற்றையும் சாம்பல் நிறக் கல்லாகவே விட்டுவிடலாமா?

---

கருங்கல்:

இன்கா பகுதியை மட்டும் சொல்கிறேன். மாயா சுண்ணாம்புக்கு இங்கே சரியான ஆள் இருக்கிறார்.

"கத்தி முனைகூட நுழையாது" என்பது முகப்பில் நின்று பார்த்துச் சொன்னது. பிரிந்து கிடக்கும் சுவரைப் பார்த்தால் இரண்டு வகைப் பொருத்து தெரியும். மேல் கல் கீழ்க் கல்லின்மீது உட்காருவது படுக்கைப் பொருத்து. பக்கத்துக் கல்லோடு சேருவது பக்கப் பொருத்து. படுக்கைப் பொருத்து சுவரின் முழு ஆழத்துக்கும் ஒட்டியிருக்கும். பாரம் அதன் வழியாகத்தானே இறங்குகிறது! பக்கப் பொருத்துக்குப் பல இடங்களில் முகப்பிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான் அந்த நெருக்கம். அதற்குப் பின்னால் இரண்டு கல்லும் விலகிப் போய், இடைவெளியில் சில்லும் மண்ணும் அடைபட்டிருக்கும். நிலைவெட்டில், அதாவது சுவரைச் செங்குத்தாக அறுத்த படத்தில், இது தெரியாது. அதனால் சுவரைக் கிடையாக அறுத்தது போல ஒரு சின்னப் படமும் பக்கத்தில் போடுங்கள்.

நிலைவெட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. படுக்கைப் பொருத்தை ஸ்கேல் வைத்து நேர்கோடாகப் போட்டுவிடாதீர்கள். மேல் கல்லின் அடி கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும். கீழ்க் கல்லின் தலை அதற்கேற்பத் தட்டுப் போலக் குழிந்திருக்கும். மேல் கல்லின் அடிப்பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, அதன் வடிவத்துக்குக் கீழ்க் கல்லைக் குழித்தார்கள் என்பதற்கு இதுதான் சான்று. மேல் கல் வரிசை போன பிறகும் கீழ் வரிசையில் அந்தக் குழிகள் அப்படியே தெரிகிற இடங்கள் உண்டு.

தாவரச் சாறு கதையை விட்டுவிடுங்கள். கல்லின் முகத்திலேயே பதில் இருக்கிறது: அம்மை வடு போலச் சின்னச் சின்னக் குழிகள். நடுவில் பெரிது, ஓரத்துக்கு வர வர பொடிசு. பெரிய சுத்திக்கல்லால் முகத்தைக் கொத்திவிட்டு, விளிம்பு உடைந்துவிடாமல் இருக்கச் சின்னக் கல்லுக்கு மாறினால் இப்படித்தான் வடு விழும். இளகிய கல்லில் இந்த வரிசை வராது. இன்கா தலைநகர் குஸ்கோவுக்கு மேலேயுள்ள சாக்சய்வமான் வளாகத்தின் சுண்ணாம்புக்கல்லில் அடிபட்ட குழிகள் சுற்றுப்புறத்தைவிட வெளுத்தும் இருக்கும்.

கட்டடக் கலைஞர் ழான்-பியர் புரோட்சென் இதைத் தானே செய்து பார்த்திருக்கிறார். சுமார் 25 × 25 × 30 செ.மீ. அளவுள்ள ஆண்டசைட் எனும் எரிமலைக் கல்லை எடுத்துக்கொண்டார். 4 கிலோ எடையுள்ள உருண்டைக் கல்லால் ஒரு முகத்தைச் சமன் செய்ய 20 நிமிடம் ஆனது. விளிம்புகளுக்கு 560 கிராம் கல். மூன்று முகமும் ஐந்து விளிம்பும் முடிய மொத்தம் 90 நிமிடம்தான். சுத்திக்கல்லை இரண்டு கையிலும் தளர்வாகப் பிடித்து விழவிட வேண்டும். அது தானாக எகிறும். அடி நேராக விழாமல் 15 முதல் 20 டிகிரி சாய்வாக விழ வேண்டும், படும் கணத்தில் மணிக்கட்டை லேசாகத் திருப்ப வேண்டும். நேராக அடித்தால் கல் மாவாக நசுங்குமே தவிர சில்லு பெயராது. அப்போதுதான் ஆட்கள் களைத்துப்போவார்கள்.

பொருத்துவதும் அதே நிதானம்தான். கல்லை வைத்துப் பார், எடு. கொத்தும்போது விழுந்த தூசி எங்கே அழுந்தியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் கொத்து, மறுபடி வை. சின்னக் கல்லுக்கு இது நன்றாக நடக்கும். சாக்சய்வமானில் 100 டன்னுக்கு மேற்பட்ட கல்லை இப்படி ஏற்றி இறக்கியிருக்க முடியுமா என்பதில் வேறு வேறு கருத்துகள் உண்டு. ஆகவே அந்தப் பெருங்கல் சுவருக்குச் செய்முறை அம்புக்குறி எதுவும் போடாமல் வெட்டுமுகம் மட்டும் வரையுங்கள்.

சுவர் செங்குத்தாக நிற்காது. சுமார் 3 முதல் 5 டிகிரி உள்பக்கம் சாயும். 3 மீட்டர் உயரச் சுவருக்கு 4 டிகிரி என்றால் உச்சியில் சுமார் 21 செ.மீ. உள்ளே போகும், 1:20 படத்தில் அது 1 செ.மீ. கண்ணுக்குத் தெரிகிற அளவு, விட்டுவிடக் கூடாது. வாசலும் மாடமும் கீழே அகலம், மேலே குறுகல். முகப்பில் அங்கங்கே குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும், பெரும்பாலும் கல்லின் கீழ்ப்பக்கத்தில். நெம்புகோல் பிடிக்கவும் கயிறு மாட்டவும் அவை உதவியிருக்கலாம். பல இடங்களில் கொத்தி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. எல்லாச் சுவரையும் இந்த உயர்ந்த வேலைப்பாட்டில் போட்டால் படம் பொய்யாகிவிடும். பெரும்பாலான இன்கா கட்டடங்கள் கிடைத்த கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை, மேலே மண் பூச்சு. இரண்டு முகம், நடுவில் சில்லும் களிமண்ணும், குறுக்கே அங்கங்கே நீளக் கல். கூரை செங்குத்தான சாய்வில் இச்சு புல் வேய்ந்தது. மாச்சு பிச்சுவில் முக்கோணச் சுவரில் கூரையைக் கட்டிப்போடத் துளையிட்ட வளையக் கற்களும் துருத்திய முளைக் கற்களும் இன்னும் இருக்கின்றன. அவை இல்லாமல் கூரை வரைந்தால் காற்றில் பறக்கிற கூரை அது.

மாச்சு பிச்சு படிக்கட்டு வயலையும் ஒரு வெட்டுமுகம் போட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஊரின் பாதி உழைப்பு தரைக்குக் கீழேதான். தாங்குசுவருக்குப் பின்னால் அடியில் பெரிய கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல் கலந்த சரளை, கடைசியில் மேல்மண். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் மழை பெய்கிற மலை முகடு அது. வெறும் மண்ணை நிரப்பியிருந்தால் தண்ணீர் ஊறி எடை ஏறி, தாங்குசுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு சரியும். நகரத்துச் சுவர்களில் மட்டும் நீர் வெளியேறச் சுமார் 130 துளைகள் விட்டிருக்கிறார்கள். ஊற்றிலிருந்து வரும் வாய்க்கால் 749 மீட்டர், அடுத்தடுத்து இறங்கும் 16 நீர்த்தாரைகள்.

---

நீற்றுச்சுண்ணாம்பு:

மாயா பக்கம் அப்படியே தலைகீழ். அங்கே முகப்புக்கல் இரண்டாம்பட்சம். சுண்ணாம்பும் சில்லும் கலந்து இறுகிய நடுக்கட்டுதான் கட்டடம்.

யுகட்டான், பெட்டேன் பகுதிகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. வெட்டும்போது மென்மை, காற்றுப் பட்டால் இறுகும்; சிக்கிமுக்கிக் கல் கருவியே போதும். சுட்டால் அதே கல்தான் சுண்ணாம்பு. திறந்த வெளியில் மரக்கட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு குழி விட்டு, மேலே கைப்பிடி அளவுக்கு உடைத்த கல்லைக் குவித்து, நடுக்குழி வழியாக நெருப்பு வைப்பார்கள். 800 முதல் 900 டிகிரி வரை சூடு ஏற வேண்டும். பச்சை மரம் சேர்ப்பது மெதுவாக எரிவதற்காக. அடுக்கு ஒரு பக்கம் சரிந்தால் கல் சாம்பலுக்குள் விழுந்து பாதி வேகாமல் போகும். காரையில் கட்டி கட்டியாகத் தெரிவது அதுதான். ஒரு டன் சுண்ணாம்புக்குச் சுமார் 5 டன் விறகு ஆகும் என்பது கணக்கு. கல்லும் எடையில் 44 சதவீதம் வாயுவாகப் போய்விடும். இதை மனதில் வைத்தால், பூச்சின் கனம் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் ஏன் மாறியது என்பது விளங்கும்.

வெந்த சுண்ணாம்பை நீற்றி, சாஸ்கப் எனும் பொடிந்த வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணோடு கலப்பார்கள். மரப்பட்டைச் சாறும் சேர்ந்தது. கோபான் நகரப் பூச்சுகளை ஆராய்ந்து 2023-இல் வந்த முடிவு, அதில் கரிமச் சேர்மங்கள் சுண்ணாம்புப் படிகங்களோடு பின்னிக் கிடப்பதைக் காட்டியது. சுகும், ஹியோத்தே மரங்களின் பட்டைச் சாற்றைக் கலந்து செய்து பார்த்த பூச்சும் அதே தன்மையைத் தந்தது.

இப்போது கூரை. ஆப்பு வடிவ ஆரக்கற்கள் ஒன்றையொன்று தாங்கும் உண்மையான வளைவை அவர்கள் கட்டவில்லை. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒவ்வொரு வரியாகக் கல்லை உள்ளே பிதுக்கிக்கொண்டே போய், கடைசி இடைவெளியை ஒரு மூடுகல்லால் அடைப்பார்கள். அறை அகலம் 2 மீட்டர், மூடுகல்லுக்கு 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் 85 செ.மீ. உள்ளே வர வேண்டும். 10 வரி என்றால் வரிக்கு 8.5 செ.மீ. பிதுக்கம். அகலத்தைக் கூட்டினால் வரிகள் கூடும், உயரம் கூடும், பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டிய எடையும் கூடும். அறைகள் ஒடுக்கமாக இருப்பதும் சுவர் ஒரு மீட்டருக்கு மேல் தடித்திருப்பதும் இதனால்தான்.

வேலை முறையைப் படத்தில் காட்ட முடிந்தால் நல்லது. ஒரு வரி, பின்னால் நடுக்கட்டு, இறுகும் வரை பொறுத்திருத்தல், அடுத்த வரி. இரண்டு பக்கமும் சேர்ந்தே உயர வேண்டும். இடையில் குறுக்கே மரக்கழிகளைப் பொருத்துவார்கள். வளைவுக்குள் அவற்றின் முனைகளோ, மட்கிப்போன துளைகளோ பல அறைகளில் தெரியும். அவசரப்பட்டு ஈரம் காயுமுன் அடுத்த வரியை ஏற்றினால் முழுப் பக்கமும் உள்ளே கவிழும். இறுகிவிட்டாலோ ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக நிற்கிற பாறை மாதிரி. ஒரு பாதி விழுந்த பிறகும் மறு பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற அறைகள் எத்தனையோ!

ஒரே மாயா வெட்டுமுகம் போதாது, குறைந்தது இரண்டாவது வேண்டும்.

பலேங்கே: இரண்டு அறைகள் அருகருகே, நடுச்சுவர் பொது. இரண்டு வளைவும் அந்த நடுச்சுவரில் ஒன்றின்மீது ஒன்று சாய்ந்துகொள்ளும். வெளிக்கூரையும் உள்வளைவின் சாய்வையே பின்பற்றும், அதனால் மேல் எடை குறைகிறது. கூரைக்கு மேலே நிற்கும் சீப்பு போன்ற அலங்காரச் சுவர் சரியாக நடுச்சுவருக்கு நேர் மேலே இருக்க வேண்டும், துளைகளோடு. முகப்புச் சுவர்மேல் வரைந்துவிட்டால் கட்டடம் முன்னால் சாயும். இந்த ஏற்பாட்டால்தான் அங்கே வாசல்கள் அகலமாகவும் அறைகள் வெளிச்சமாகவும் அமைந்தன.

உஷ்மால் போன்ற பூக் பகுதி நகரங்கள்: இங்கே முகப்புக்கல் மெல்லிய ஓடு மாதிரி. நேர்த்தியாக இழைத்திருப்பார்கள், ஆனால் பாரம் எதையும் அது சுமக்காது. வளைவுக் கல் பூட்ஸ் காலணி வடிவம். கால் பகுதி நடுக்கட்டுக்குள் புதைந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே இங்கே முகப்புக்கல் உதிர்ந்த பிறகும் நடுக்கட்டு நிற்கும். ஆளுநர் மாளிகை சுமார் 100 மீட்டர் நீளம், முகப்பின் மேல்பாதியில் ஏறக்குறைய 20,000 செதுக்குக் கல் துண்டுகள். அவை ஒவ்வொன்றும் தனியாகச் செதுக்கிப் பின்வாலோடு பதித்தவை. அதை ஒரே புடைப்புச் சிற்பமாக வரைவது அடிக்கடி நடக்கும் பிழை.

மாயாவில் எங்கே முதலில் உடைகிறது என்று கேட்டால், வாசல் உத்தரம். திக்கலில் அது சப்போட்டா மரம், இரும்பு மாதிரி வன்மரம், செதுக்கு வேலையோடு ஆயிரம் ஆண்டு தாண்டி நின்றிருக்கிறது. மற்ற மரங்கள் மட்கின. சிச்சென் இட்சாவில் தூண்களின்மேல் மர உத்தரம் போட்டு, அதன்மேல் வளைவு ஏற்றிப் பெரிய கூடங்களைக் கட்டினார்கள். உத்தரம் மட்கியதும் கூரை மொத்தமும் இறங்கியது. இன்று தூண் காடு மட்டும் நிற்கிறது. இரண்டாவது எதிரி கூரைப் பூச்சின் விரிசல். பூச்சைத் தொடர்ந்து புதுப்பிக்க ஆள் இல்லாமல் போனால் நீர் இறங்கும், விதை விழும், வேர் ஆப்பு அடிக்கும்.

கோபானை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே எரிமலைச் சாம்பல் பாறை, நடுக்கட்டில் பெரும்பாலும் மண் சாந்து. அதனால்தான் சுமார் 2,200 எழுத்துக் குறிகள் கொண்ட எழுத்துப் படிக்கட்டின் மேல்பகுதி சரிந்துபோனது. 1930-களில் திரும்ப அடுக்கியபோது மேல்படிகளின் கற்கள் வரிசை தவறிப் போயின. இடம் மாறாமல் இருந்தவை கீழ்ப்படிகள்தான்.

---

வரைபலகை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கிடைவெட்டு சேர்க்கிறேன், மாயாவுக்கு இரண்டு படம். ஒரு சந்தேகம்: பல கோணக் கல் சுவர் பழையது, செவ்வகக் கல் வரிசைச் சுவர் பிந்தையது என்று எடுத்துக்கொண்டு இன்கா படத்தில் கால வரிசை போடலாமா?

---

கருங்கல்:

வேண்டாம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே ஊரில் உண்டு. பல கோணக் கல் பெரும்பாலும் தாங்குசுவருக்கும் மேடைக்கும். குஸ்கோ அதுன் ருமியோக் தெருவின் பன்னிரு கோணக் கல் அந்த வகை. ஒரே உயர வரிசைகளாக இழைத்தது கோயிலுக்கும் அரசர் இருப்பிடத்துக்கும்; சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் வளைந்த சுவர் அதற்கு உதாரணம். அந்தச் சுவரின்மேல் சாந்தோ டொமிங்கோ மடம் எழும்பியது. 1950 நிலநடுக்கத்தில் மடத்தின் பகுதிகள் இடிந்தபோது உள்ளே இன்கா சுவர்கள் நின்றிருந்தன.

வேறுபாடு வேலையின் தன்மையில்தான். மண் பின்னாலிருந்து தள்ளுகிற இடத்தில் கல் எந்தத் திசையிலும் வழுக்காமல் பூட்டிக்கொள்ள வேண்டும், கோணங்கள் அதற்கு உதவும். தனித்து நிற்கும் சுவரில் அந்தத் தள்ளல் இல்லை.

---

ஏரிமேடு:

ஆஸ்டெக் பக்கம் நான் எழுதுகிறேன். முதலில் அளவு. ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானின் நடுவிலிருந்த பெருங்கோயிலின் கடைசி நிலை அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 80 மீட்டர். 1:20-இல் அது 4 மீட்டர் தாள்! கோயிலுக்கு 1:200 எடுத்துக்கொண்டால் 40 செ.மீ.-இல் அடங்கும், படிக்கட்டு ஓரத்தை மட்டும் 1:20-இல் தனியாகப் போடுங்கள். இன்கா பொருத்துக்கு 1:20-கூடப் போதாது, 1:10 தேவைப்படும்.

உள்ளே அறை கிடையாது. வெங்காயம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கோயில். டெனோச்டிட்லான் 1325-இல் தொடங்கியது, 1521-இல் வீழ்ந்தது. அதற்குள் ஆறு முறை பெரிதாக்கிவிட்டார்கள். பழைய கோயிலை இடிக்காமல் சுற்றி மண்ணும் கல்லும் நிரப்பிப் புதிய முகம் கட்டுவார்கள். முதல் நிலை நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கிறது. இரண்டாம் நிலைதான் உச்சியில் இரண்டு சன்னதிகளோடு முழுமையாகக் கிடைத்தது. வடக்கே மழைத்தேவன் ட்லாலோக், தெற்கே போர்த்தேவன் உயிட்சிலோபோச்ட்லி. மேற்கு பார்த்த இரட்டைப் படிக்கட்டு. ட்லாலோக் வாசலில் வண்ணத்தோடு சாக்மூல் எனும் சாய்ந்து கிடக்கும் மனிதச் சிலை, மறுபக்கம் பலிக்கல்.

நீங்கள் எல்லா நிலையையும் ஒரே மையத்தில் சமச்சீராக அடுக்கிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. மேற்கே, அதாவது முகப்புப் பக்கம்தான் வளர்ச்சி அதிகம். சில முறை முகப்பை மட்டும் புதிதாகக் கட்டினார்கள். அத்தோடு தரையும் அமிழ்ந்தது, அதனால் பழைய நிலைகளின் கிடைக்கோடுகள் முழு மட்டமாக இருக்காது.

அடித்தளம் ஏரிச்சேறு. நீரை உறிஞ்சிய களிமண். பாரம் ஏறினால் பிழிந்து அமிழும். மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி மண்ணை இறுக்கினார்கள். மேல்நிரப்பில் தெசோன்ட்லே கல் வந்தது. அது நுரைத்து இறுகிய சிவப்பு, கருஞ்சிவப்பு எரிமலைக்கல். துளைகள் நிறைந்தது, எடை குறைவு, துளைக்குள் காரை புகுந்து பிடிக்கும். செதுக்கு வேலைக்கு பசால்ட், ஆண்டசைட். ஏரிப் படுகையைச் சுற்றி எரிமலைப் பாறைதான், சுண்ணாம்பு வடக்கே துலா பக்கமிருந்து வந்தது. ஆகவே மாயா மாதிரி உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு நடுக்கட்டு வரையாதீர்கள். உள்ளே மண்ணும் கல்லும், சுண்ணாம்பு பெரும்பாலும் மேல்முகத்திலும் தரைப்பூச்சிலும்.

படிக்கட்டின் இரண்டு ஓரத்திலும் சாய்ந்து வரும் கைப்பிடிச் சுவரைக் கவனியுங்கள். கீழிருந்து படியோடு சேர்ந்து சாய்ந்து வந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே சட்டென்று ஏறக்குறையச் செங்குத்தாக நிமிரும். ஆஸ்டெக் காலக் கோயிலை அடையாளம் காண இந்த முறிவு ஒன்றே போதும். சாந்தா செசிலியா அகத்திட்லானில் சின்ன அளவில் தெளிவாகப் பார்க்கலாம். தேயோதிவாகான் பிரமிடுகளின் சாய்வு-பலகை அடுக்கை (சாய்ந்த சுவரும் அதன்மேல் செங்குத்துப் பலகையும் மாறி மாறி வருவது) எடுத்து இங்கே ஒட்டுவது பெரிய பிழை. அந்த நகரம் ஆஸ்டெக்குகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கைவிடப்பட்டது.

தெற்குப் படிக்கட்டின் அடியில் தேவதை கொயோல்சௌகியைச் செதுக்கிய வட்டக்கல் படுத்திருக்க வேண்டும், 3.25 மீட்டர் விட்டம். 1978 பிப்ரவரியில் மின்கம்பி வேலைக்குத் தோண்டியவர்களுக்குத் தட்டுப்பட்டது அது. எட்வர்டோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையிலான அகழாய்வு அதன் பிறகுதான் தொடங்கியது.

---

பூநீலம்:

நிறம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சாம்பல் கல்லாக விடுவது மூன்றுக்கும் பொருந்தாது.

ஆஸ்டெக் பெருங்கோயிலில் ஐந்து நிறங்கள்: சிவப்பு, காவி மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு. பசை ஆர்க்கிட் கிழங்கின் கோந்து. கொயோல்சௌகிக்குப் பின்புலம் சிவப்பு, உடல் மஞ்சள்.

மாயா வெளிச்சுவர் பெரும்பாலும் சிவப்பு. எப்படி இருந்தது என்று பார்க்க கோபானின் ரோசாலிலா போதும்: 1989-இல், பெரிய பிரமிடு ஒன்றின் வயிற்றுக்குள், சுதைச் சிற்பமும் சிவப்புப் பூச்சும் கெடாமல் கிடைத்தது. புதைக்கும்போது உடைக்காமல் பக்குவமாக மூடியிருந்தார்கள்.

மாயா நீலம் தனிச் சரக்கு. அவுரி இலையின் நீலத்தை பாலிகோர்ஸ்கைட் எனும் வெள்ளைக் களிமண்ணோடு அரைத்துச் சூடேற்றுவது. நீலம் எடையில் 1 அல்லது 2 சதவீதம் இருந்தாலே போதும். அரைத்தால் மட்டும் ஒட்டாது. சுமார் 150 டிகிரி சூட்டில் களிமண்ணின் நுண்ணிய கால்வாய்களிலிருந்து நீர் வெளியேறி, சாய மூலக்கூறு அந்த இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. சூடு போதாவிட்டால் சாயம் கழுவினால் போய்விடும். சரியாக வெந்தது நைட்ரிக் அமிலத்துக்கும் அசையாது. வெறும் அவுரி நீலத்தை அதே அமிலம் அழித்துவிடும். படத்தில் அடர் நீலம் போடாதீர்கள், பச்சை கலந்த வானநீலம் அது. போனம்பாக் எனும் மாயா நகரின் ஓவிய அறைகள் மூன்றிலும் பின்புலமாகப் பார்க்கலாம். 790-களில் சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டியவை. மேலே சுண்ணாம்புப் படிவம் மூடியதால் 1940-களில் நகலெடுத்தவர்கள் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார்கள்; சிறிது நேரம் தெளிந்து மறுபடி மங்கியது. பின்னாளில் படிவத்தை நீக்கியபோதுதான் நிறம் தெரிந்தது.

இன்காவில் உயர்ந்த கல்வேலை பூச்சின்றி நிற்கும், மற்றவை மண் பூச்சு. கடற்கரைப் பக்கம் பிஸ்கோ பள்ளத்தாக்கின் தம்போ கொலராதோ முழுக்க மண் செங்கல். சுவரில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகள் இன்றும் தெரிகின்றன. இன்கா என்றாலே கல் என்று நினைப்பவர்களுக்காக அதையும் ஓர் ஓரத்தில் போடுங்கள். அதே சரிவக வாசலும் மாடமும், மண்ணில்.

---

வரைபலகை:

அருமை. கடைசியாக ஒன்று: ஆஸ்டெக் படத்தில் சூரியக்கல் எனும் பெரிய செதுக்கு வட்டக்கல்லைக் கோயில் உச்சியில், முன்பக்கம் பார்த்தபடி நிறுத்தி வைத்திருக்கிறேன். விட்டுவிடலாமா?

---

ஏரிமேடு:

எடுத்துவிடுங்கள். 3.58 மீட்டர் விட்டம், சுமார் 24 டன் பசால்ட். 1790 டிசம்பரில் நகரச் சதுக்கத்தில் தரைக்கடியில் கிடைத்தது, கோயில் உச்சியில் இல்லை. பிறகு பேராலயச் சுவரில் நிமிர்த்திப் பதித்து 1885 வரை அங்கே இருந்ததால்தான் நம் கண்ணுக்கு அது "நிற்கிற" கல்லாகப் பழகிவிட்டது. மேல்நோக்கிப் படுக்கையாகக் கிடந்திருக்கும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வைத்தே ஆக வேண்டும் என்றால் தனிப்படமாக, படுக்கையாக, சிவப்பும் காவி மஞ்சளும் பூசிக் காட்டுங்கள். விளிம்பைச் சுற்றி வரும் இரண்டு நெருப்புப் பாம்புகளின் தலையும் கீழே ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வால் நுனிகள் மேலே சேரும். பலர் இதைத் தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்கள்.